நூறாவது முறையும் அதே கதை

தவழ்வதைக் கடந்து, விழுவதும் எழுவதுமாக நடக்கத் தொடங்கி, ஓட்டமும் பேச்சும் ஓரளவு கைவரும் வரையிலான காலம், அதாவது ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வயது வரையிலான காலம், தளர்நடைப் பருவம் எனப்படும். இந்தப் பருவத்துக் குழந்தைக்கு உறங்கும் நேரத்தில் வாசித்துக் காட்டப்படும் கதைப் புத்தகம், அச்சில் வரும் மற்ற நூல்களோடு ஒப்பிட இயலாத ஒரு தனி இனம். அதை வாங்குபவரும் வாசிப்பவரும் பெரியவர். அது யாருக்காக வாங்கப்படுகிறதோ அவருக்கு எழுத்தே தெரியாது. வாசிப்பவர் நாள் முழுவதும் வேலை செய்து களைத்தவர். கேட்பவரோ தமக்குக் களைப்பு என்பதையே ஒப்புக்கொள்ள மறுப்பவர். தம் நூலைக் கேட்பவர் முடிவு வரும் முன்பே கண்ணயர்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் எழுத்தாளர்கள் உலகில் இந்த ஒரு துறையில்தான் இருக்கிறார்கள்.

இவற்றைவிட முக்கியமான வேறுபாடு, அந்தப் புத்தகம் எத்தனை முறை வாசிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. பெரியவர்கள் ஒரு நாவலை முடித்ததும் அலமாரியில் வைத்துவிடுவர். இரண்டு வயதுக் குழந்தையோ கடைசிப் பக்கம் மூடப்பட்டதும் "இன்னொரு தடவ" என்று கேட்கும், மறுநாள் இரவும் அதே புத்தகத்தை இழுத்துக்கொண்டு வரும், வாசிப்பவர் அலுப்பில் ஒரு வரியைத் தாண்டினால் அதைக் கண்டுபிடித்துத் திருத்தவும் செய்யும். புத்தகக் கடையில் நிற்கும் பெற்றோர் இதைக் கணக்கில் கொள்வது அரிது. கொடுக்கும் விலைக்கு எத்தனை கதை கிடைக்கிறது, வண்ணம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, கதையில் என்ன நீதி சொல்லப்படுகிறது என்பவையே பொதுவாகப் பார்க்கப்படுகின்றன. நாளுக்கு ஒன்றாக 365 கதைகள் அடங்கிய தடித்த தொகுப்பு இந்த அளவுகோல்களின்படி மிக நல்ல பேரம். ஆனால் தளர்நடைப் பருவத்துக் குழந்தைக்குத் தேவைப்படுவது 365 முறை வாசித்தாலும் தாங்கும் ஒரு கதை என்பதைக் கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் பல திசைகளிலிருந்து காட்டுகின்றன.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹோர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, இவற்றுள் மிக எளிமையானதும் மிகத் தெளிவானதும் ஆகும். மூன்று வயதுக் குழந்தைகளுக்காகவே எழுதப்பட்ட கதைகளில், அவர்கள் அதுவரை பார்த்திராத பொருள்கள் வரையப்பட்டு, அவற்றுக்குப் புதிய பெயர்கள் புனைந்து சூட்டப்பட்டிருந்தன. ஒரு பிரிவுக் குழந்தைகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். மற்றொரு பிரிவினர் அதே பெயர்கள் வரும் வெவ்வேறு கதைகளைக் கேட்டனர். புதிய பெயர் காதில் விழுந்த எண்ணிக்கை இரு பிரிவினருக்கும் ஒன்றே. ஆயினும் ஒரே கதையைக் கேட்டவர்களே அந்தப் பெயர்களை நன்றாக நினைவில் கொண்டிருந்தனர். சொல் எத்தனை முறை ஒலித்தது என்பதைவிட, அது ஒலித்த சூழல் எத்தனை முறை மாறாமல் திரும்பி வந்தது என்பதே கற்றலைத் தீர்மானித்திருக்கிறது.

இதற்கான விளக்கம், குழந்தையின் கவனம் ஒரு சிறிய பாத்திரம் போன்றது என்பதில் தொடங்குகிறது. முதல் வாசிப்பில் அந்தப் பாத்திரத்தை நிரப்பப் படங்களே போதும்: யார் இவர், இது என்ன நிறம், அந்த மூலையில் தெரிவது பூனையா நாயா. இரண்டாம் மூன்றாம் வாசிப்புகளில் படங்கள் பழகிவிடுவதால், நிகழ்ச்சிகளின் வரிசைக்கு இடம் கிடைக்கிறது. அதுவும் பழகிய பின்னரே தனித்தனிச் சொற்களின் மேல் கவனம் படிய முடிகிறது. மனம் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கும் தகவலின் அளவை உளவியலாளர் அறிவுச்சுமை என்று குறிப்பிடுவர். பழகிய கதை என்பது சுமை குறைக்கப்பட்ட கதை. பெரியவருக்கு அலுப்பூட்டும் பதினைந்தாம் வாசிப்பு, குழந்தைக்குப் பல இடங்களில் முதல் வாசிப்பாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய 'புளூஸ் க்ளூஸ்' என்னும் சிறுவர் தொலைக்காட்சித் தொடரைத் தயாரித்தவர்கள் இதை உணர்ந்து, ஒரே பகுதியை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பினர். பார்த்த பாலர்கள் சலித்துப்போகவில்லை. நாள் செல்லச் செல்ல அவர்களுடைய புரிதலும் திரையை நோக்கி விடை சொல்லும் உற்சாகமும் கூடின என்பது அப்போது நடத்தப்பட்ட ஆய்வில் தெரியவந்தது.

இரவுக்கு இதில் என்ன தனிப் பங்கு என்ற கேள்வி எழலாம். பகலில் பதிந்த அனுபவம் முதலில் மூளையின் உட்பகுதியில் உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற சிறிய அமைப்பைச் சார்ந்து தற்காலிகமாக நிற்கிறது. பின்னர் உறக்கத்தின்போது அது மீண்டும் மீண்டும் இயக்கப்பட்டு, மூளைப் புறணியின் நிலையான வலைப்பின்னல்களோடு பிணைக்கப்படுகிறது. இதற்கு நினைவு உறுதியாக்கம் என்று பெயர். ஹோர்ஸ்ட் தம் சக ஆய்வாளருடன் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கதை கேட்டவுடன் பகல் உறக்கம் கொண்ட குழந்தைகள், கேட்டபின் விழித்தே இருந்த குழந்தைகளைவிடப் புதிய சொற்களை நன்றாக நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழிந்தபின் சோதித்தபோதும் இந்தப் பயன் தெரிந்தது. அந்த ஆய்வு பகல் உறக்கத்தைப் பற்றியதுதான் என்றாலும், கதைக்கும் உறக்கத்துக்கும் இடையே வேறு எதுவும் நுழையாத நேரம் இரவே என்பதால், வீட்டில் இந்த இணைப்பு இயல்பாக அமையக்கூடிய இடம் படுக்கைதான்.

கதை உறக்கத்துக்கும் உதவுகிறது, ஆனால் அது கதையின் மகிமையைவிட ஒழுங்கின் மகிமை. அமெரிக்க உறக்க ஆய்வாளர் ஜோடி மிண்டெலும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 405 தாய்மாரும் அவர்களுடைய ஏழு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளும் பங்கேற்றனர். குளிப்பாட்டல், உடலை நீவிவிடுதல், அமைதியான ஒரு செயல், விளக்கணைத்தல் என்ற மாறாத வரிசை இரண்டு வாரம் பின்பற்றப்பட்டபோது, குழந்தைகள் விரைவில் உறங்கினர், இரவில் விழிப்பதும் குறைந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே விழிப்பைத் தணிக்கிறது. ஒவ்வோர் இரவும் புதிய கதை என்பது அந்த வரிசையின் நடுவில் வைக்கப்பட்ட ஒரு வியப்பு. அந்த நேரத்துக்கு வியப்பு வேண்டாம்.

ஆக, தேர்வின் முதல் கேள்வி, இந்தப் புத்தகம் திரும்ப வாசிப்பதைத் தாங்குமா என்பது. தாங்குவது என்பதற்கு மூன்று பொருள்கள் உண்டு: குழந்தையின் மனம் தாங்க வேண்டும், பெரியவரின் வாய் தாங்க வேண்டும், அட்டையும் தாளும் தாங்க வேண்டும். இவற்றுள் முதலாவதே விரிவாகப் பேசத்தக்கது. அதுவும் படத்திலிருந்து தொடங்க வேண்டியது.

படம் என்பது பொருள் அன்று, பொருளைக் குறிக்கும் குறி என்ற அறிவு பிறவியிலேயே வருவதில்லை. ஜூடி டிலோச் தலைமையிலான ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் அச்சிடப்பட்ட பொருளின் புகைப்படத்தை விரலால் தடவி, கிள்ளி, தாளிலிருந்து எடுத்துவிட முயன்றனர். படங்களே புழங்காத ஒரு சூழலில், மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் வளர்ந்த பெங் இனக் குழந்தைகளும் இதையே செய்தனர். பத்தொன்பது மாதத்தில் பிடுங்குவது மறைந்து, அதன் இடத்தில் சுட்டிக்காட்டுவது வந்துவிடுகிறது. பிடிக்கும் கை சுட்டும் விரலாக மாறும் இந்த இடைவெளியில்தான் புத்தகம் புத்தகமாகிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்து, நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவத்தை ஒன்றரை வயதை ஒட்டி வைத்திருப்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். எட்டாத ஒன்றைச் சுட்டி மகிழும் திறன் அரும்பும் வயதைப் பழந்தமிழ்ப் புலவர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே கவனித்திருக்கிறார்கள்.

படத்திலிருந்து உலகத்துக்கு அறிவைக் கடத்துவது அடுத்த படி. பாட்ரிசியா கனேயாவும் டிலோச்சும் இணைந்து 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதினைந்து, பதினெட்டு மாதக் குழந்தைகள் புத்தகப் படத்தில் கற்ற பெயரை உண்மையான பொருளுக்குப் பொருத்தினர். படம் புகைப்படம் போல் உண்மைக்கு நெருக்கமாக இருந்தபோது இது நன்றாகவும், கேலிச்சித்திரம் போல் இருந்தபோது குறைவாகவும் நடந்தது. அதே ஆய்வுக் குழுவின் மற்றொரு முடிவு பல பெற்றோரை ஏமாற்றமடையச் செய்யும்: இழுத்தால் எழும் காகித மடிப்புகளும், திறந்து மூடும் சிறு கதவுகளும் நிறைந்த புத்தகங்களில், சாதாரணப் படப் புத்தகங்களைவிடக் குழந்தைகள் குறைவாகவே கற்றனர். குழந்தைக்கு அவை பிடிக்காமல் இல்லை, மிகவும் பிடிக்கின்றன. ஆனால் கை மடிப்பை இழுக்கும்போது புத்தகம் மீண்டும் ஒரு பொம்மையாகி, ஒன்பது மாதத்துப் பிடுங்கலுக்குத் திரும்பிவிடுகிறது. பக்க அமைப்பும் இவ்வாறே பொருட்படுத்தத்தக்கது. விரித்த இரு பக்கங்களிலும் இரண்டு பெரிய படங்கள் இருந்தால், வாசிப்பவர் எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று எழுத்தறியாத குழந்தையால் கண்டுகொள்ள முடிவதில்லை. ஒரே படம் இருந்தபோதும், வாசிக்கும் பக்கத்தைக் கையால் சுட்டியபோதும் சொற்கள் நன்கு பதிந்தன என்று சசெக்ஸ் ஆய்வாளர்கள் பின்னர் காட்டினர். விரித்த பக்கத்துக்கு ஒரு காட்சி, காட்சிக்கு ஓரிரு வாக்கியம்: கடையில் நின்றபடியே சரிபார்த்துவிடக்கூடிய அளவுகோல் இது.

இந்த அளவுகோல்களுக்கெல்லாம் ஏறக்குறைய முழுமையாகப் பொருந்தும் ஒரு புத்தகம், இந்த ஆய்வுகளில் எதுவும் பிறப்பதற்கு முன்பே வெளிவந்துவிட்டது. மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைந்த 'குட்நைட் மூன்' 1947இல் நியூயார்க்கில் வெளியானது. தமிழில் 'அம்புலிமாமா' சிறுவர் இதழ் தொடங்கியதும் அதே ஆண்டுதான் என்பது தற்செயலான, ஆனால் நினைவில் தங்கும் பொருத்தம். ஒரு முயல்குட்டி படுக்கையில் இருக்கிறது. அறையில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றாகப் பெயரிடப்பட்டு, பின் ஒவ்வொன்றிடமும் விடைபெறப்படுகிறது. கதை அவ்வளவே, மொத்தம் ஏறத்தாழ 130 சொற்கள். ஆனால் அறையைக் காட்டும் வண்ணப் பக்கங்களில் ஒளி சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே செல்கிறது, சன்னலில் நிலவு மேலேறுகிறது, கடிகார முள் ஏழு மணியிலிருந்து எட்டேகால் அருகே வரை நகர்கிறது, ஒரு சுண்டெலி பக்கத்துக்குப் பக்கம் வேறிடத்தில் தோன்றுகிறது. எதுவும் நிகழாத கதையில் தேடிக் கண்டுபிடிக்க மட்டும் எப்போதும் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. திரும்ப வாசிப்பதைத் தாங்குவது என்பதன் பொருளை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

பிரவுனின் பார்வை தானாக முளைத்ததன்று. நியூயார்க்கில் பேங்க் ஸ்ட்ரீட் என்று பின்னர் பெயர் பெற்ற கல்விச் சோதனை நிலையத்தில், லூசி ஸ்ப்ரேக் மிட்செல் என்பவரிடம் அவர் பயின்றார். சிறு குழந்தைக்கு அரசகுமாரியும் அரக்கனும் வேண்டாம், அதன் கண்ணெதிரே இருக்கும் தண்ணீர்க் குழாயும் வண்டியும் படுக்கையுமே போதிய வியப்புத் தருபவை என்று வாதிட்ட மிட்செல், 1921இல் 'இங்கே, இப்போது' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கதை நூலையும் வெளியிட்டார். தேவதைக் கதைகளைப் போற்றிய நூலகர்களுக்கு இது உவப்பாக இல்லை. நியூயார்க் பொது நூலகம் 'குட்நைட் மூன்' புத்தகத்தை 1972 வரை தன் அலமாரிகளில் சேர்க்கவில்லை. பிரவுன் 1952இலேயே, தம் 42ஆம் வயதில் காலமாகிவிட்டார். வல்லுநர்கள் விலக்கிய புத்தகத்தைக் குழந்தைகள்தாம் இரவுதோறும் கேட்டுக் கேட்டு நிலைநிறுத்தினார்கள்.

இருப்பினும் அந்தப் புத்தகத்தின் நாயகனும் உடை அணிந்த முயல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். விலங்குகளைப் பேசவும் நடக்கவும் உடுக்கவும் வைப்பது மனிதப்பண்பேற்றம் எனப்படும். சிறுவர் நூல்களில் பெரும்பங்கு இந்த வகையே. கனேயாவின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதினருக்கு, அவர்கள் அறியாத விலங்குகளைப் பற்றிய நூல்கள் வாசித்துக் காட்டப்பட்டன. விலங்கு மனிதனைப் போல் பேசிய நூலைக் கேட்டவர்கள், உண்மையான விலங்குக்கும் மனித இயல்புகளை ஏற்றிக் கூறினர். பகிர்ந்துண்ணும் பண்பைப் போதிக்கும் ஒரு கதையை மனிதப் பாத்திரங்களோடும் விலங்குப் பாத்திரங்களோடும் தனித்தனியே வாசித்துக் காட்டிய மற்றோர் ஆய்வில், மனிதப் பாத்திரங்களின் கதையைக் கேட்ட குழந்தைகளே பின்னர் தம் ஒட்டுப்படங்களைக் கூடுதலாகப் பகிர்ந்தனர். இதிலிருந்து விலங்குக் கதைகளை வீட்டைவிட்டே விலக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருவது மிகையாகும். இரவில் கேட்கும் முயல், விலங்கியல் பாடம் நடத்த வந்ததன்று. நீதி போதிப்பதற்காகவே நரியையும் சிங்கத்தையும் வாங்கும் பழக்கத்துக்குத்தான் ஆய்வு துணைநிற்கவில்லை.

தமிழ் வீடுகளில் நீதி என்றதும் முதலில் வருவது பாட்டி வடை சுட்ட கதை. நரி காகத்தைப் புகழ்வது ஏமாற்றுவதற்காக என்பதை உணர, நரியின் மனத்தில் ஒன்றும் அதன் வாயில் மற்றொன்றும் இருப்பதையும், காகம் நம்புவது உண்மைக்கு மாறானது என்பதையும் ஒரே நேரத்தில் கருத வேண்டும். பிறர் மனத்தில் தன் மனத்திலிருந்து வேறுபட்ட நம்பிக்கை இருக்கக்கூடும் என்று அறியும் இந்தத் திறனை உளவியலாளர் மனக்கோட்பாடு என்பர். ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் 1983இல் வடிவமைத்த புகழ்பெற்ற சோதனையிலும், அதைத் தொடர்ந்து உலகெங்கும் நடந்த சோதனைகளிலும், இது தெளிவாக வெளிப்படுவது ஏறத்தாழ நான்கு வயதில்தான். இரண்டு வயதுக் குழந்தை கேட்கும் கதையில் ஏமாற்றும் இல்லை, நீதியும் இல்லை. சுடச்சுட வடை இருக்கிறது, 'கா கா' என்ற ஒலி இருக்கிறது, வாயைத் திறந்ததும் வடை கீழே விழுவது இருக்கிறது. விழுந்தது என்ற இடத்தில் குழந்தை ஒவ்வொரு முறையும் சிரிப்பது, ஏமாற்றத்தை ரசித்து அன்று. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே நடந்துவிட்டதை ரசித்து. பல தலைமுறைகளாக இந்தக் கதை நின்றிருப்பது நீதியால் என்று பெரியவர்கள் நம்பலாம். தளர்நடைப் பருவத்தாரிடம் அது நிற்பது வடையால். பஞ்சதந்திரக் கதைகள் பெரும்பாலும் சூழ்ச்சியின் மேல் கட்டப்பட்டவை; அவற்றை நான்கு, ஐந்து வயதுக்கு ஒத்திவைப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

அடுத்து மொழி. பொருள் புரிவதற்கு நெடுங்காலம் முன்பே ஓசை பதியத் தொடங்குகிறது. அந்தனி டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற பெண்கள் பேறுகாலத்துக்கு முந்தைய ஆறு வாரங்களில் ஒரே கதையைத் தினமும் உரக்க வாசித்தனர். பிறந்த சில நாள் சிசுக்கள் அந்தக் கதையின் ஓசையை வேறு கதையின் ஓசையிலிருந்து பிரித்தறிந்து, அதையே விரும்பினர். இரண்டு வயதுக் குழந்தைக்கு வாசிப்பவரும் இதையே நம்பி இறங்கலாம்: தாளம் உள்ள வாக்கியம், பொருள் முழுதும் எட்டாதபோதும் கவனத்தைப் பிடித்து வைத்திருக்கும். தமிழுக்கு இதில் ஒரு பிறப்புரிமை உண்டு. சலசல, கடகட, மளமள என வரும் இரட்டைக்கிளவியைத் தொல்காப்பியமே தனியாக எடுத்துப் பேசுகிறது. ஓசையே பொருளைச் சாயலாகக் காட்டும் இத்தகைய சொற்கள் நிறைந்த ஜப்பானிய மொழியில், முட்சுமி இமாய் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, நடையின் வகைகளைக் குறிக்கும் புதிய வினைச்சொற்களை, ஓசை பொருளோடு ஒத்துப்போனபோது மூன்று வயதுக் குழந்தைகள் எளிதாகக் கற்றனர். துலிகா பதிப்பகம் தமிழிலும் வெளியிட்டுள்ள அசோக் ராஜகோபாலனின் 'கஜபதி குலபதி', ஜலதோஷம் பிடித்த யானையின் தும்மலை நோக்கி ஓசைகளாலேயே நகரும் கதை; குழந்தைகள் அதை விடமாட்டார்கள். ஆனால் தும்மலுக்காகக் காத்திருக்கும் குழந்தை படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடும் என்பதால், அது மாலைப் புத்தகமே அன்றி இரவுப் புத்தகம் அன்று. நல்ல புத்தகம் என்பதும் நல்ல இரவுப் புத்தகம் என்பதும் வேறு வேறு.

தமிழில் வாசிப்பவர்கள் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலும் இங்கே உண்டு. ஒரே மொழியில் எழுத்துக்கு ஒரு வழக்கும் பேச்சுக்கு ஒரு வழக்கும் நிலவுவதை மொழியியலாளர் இரட்டை வழக்கு என்பர். "காகம் வடையைத் தூக்கிக்கொண்டு பறந்து சென்றது" என்று அச்சிட்டிருக்கும் வரி, தாயின் வாயில் "காக்கா வடைய தூக்கிட்டுப் பறந்துபோச்சு" என்று தானாகவே மாறிவிடுகிறது. இது வாசிப்பில் நேரும் பிழை என்று சிலர் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்படத் தேவையில்லை. குழந்தை அதுவரை கேட்டிருப்பது பேச்சு வழக்கை மட்டுமே என்பதால், முதல் சில வாசிப்புகள் அந்த வழக்கில் இருப்பதே அறிவுச்சுமையைக் குறைக்கும். ஆனால் என்றென்றும் அவ்வாறே சொல்லிக்கொண்டிருப்பதும் ஓர் இழப்பே. இதே சிக்கல் உள்ள அரபு மொழியில், பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு இலக்கிய வழக்கிலான கதைகளைத் தொடர்ந்து வாசித்துக் காட்டியபோது அவர்களுடைய கேட்டறியும் திறன் மேம்பட்டது என்று டினா ஃபைட்டெல்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அந்தக் குழந்தைகள் தளர்நடைப் பருவத்தைக் கடந்தவர்கள் என்றாலும், நடைமுறைக்கு ஒரு வழி அதிலிருந்து கிடைக்கிறது: கதை பழகியபின், அச்சில் உள்ளபடியே வாசிக்கத் தொடங்கலாம். பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் 'சென்றது' என்ற சொல் அந்நியமாக அன்றி, 'போச்சு' என்பதன் உறவுக்காரராக அறிமுகமாகும். திரும்பத் திரும்ப வாசிப்பது தமிழ்க் குழந்தைக்குக் கூடுதலாகத் தரும் கொடை இது. புத்தகத்தின் வழியே மட்டும் வரும் சொற்களும் குறைவல்ல. ஆங்கிலத்தில் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்போர் 1988இல் எண்ணிப் பார்த்தபோது, படித்த பெரியவர்களின் பேச்சில் ஆயிரம் சொல்லுக்கு 17.3 அரிய சொற்களும், சிறுவர் நூல்களில் 30.9 அரிய சொற்களும் இருந்தன.

வாசிக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், "இது என்ன? அது என்ன செய்கிறது?" என்று கேட்டுக் கேட்டு, குழந்தையின் விடையை நீட்டித்துச் சொல்லும் உரையாடல் வாசிப்பைப் பெற்றோர் ஒரு மாதம் மேற்கொண்டபோது, இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் பேச்சு வெளிப்பாட்டுச் சோதனை ஒன்றில் 8.5 மாத வளர்ச்சி அளவு முன்னேறியிருந்தனர். வியக்கத்தக்க முடிவுதான். ஆனால் விளக்கைத் தணித்தபின் கேள்வி மேல் கேள்வி கேட்பது, உறங்கப்போகும் குழந்தையைத் தேர்வெழுத உட்கார வைப்பதாகும். கேள்விகளைப் பகலுக்கு வைத்துக்கொண்டு, இரவில் வரிகளை இடைவிடாமல், குரலைப் பக்கத்துக்குப் பக்கம் தாழ்த்தி வாசிப்பதே முறை.

விளக்கைத் தணிப்பது என்பதும் வெறும் சம்பிரதாயம் அன்று. இருள் சூழும்போது மூளையின் பினியல் சுரப்பி வெளியிடும் மெலடோனின் என்ற ஹார்மோன், உடலுக்கு இரவு வந்துவிட்டதை அறிவிக்கிறது. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், மூன்று முதல் ஐந்து வயது வரையிலான பத்துக் குழந்தைகள் உறங்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளியில் இருந்தபோது, அவர்களுடைய மெலடோனின் சராசரியாக 88 சதவீதம் ஒடுங்கியது. ஒளி நீங்கி 50 நிமிடம் ஆனபின்னும் பெரும்பாலோருக்கு அது மீளவில்லை. மங்கிய மஞ்சள் விளக்கில் வாசிக்க வேண்டியிருப்பதால், பளபளக்கும் லேமினேஷன் இட்ட தாளைவிட மங்கல் பூச்சுத் தாளும், பெரிய எழுத்தும், முழு வெள்ளையாக இல்லாத பின்னணியும் வசதியானவை. டேப்லெட் திரையில் ஓடும் கதைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. திரையின் ஒளி ஒருபுறமிருக்க, மின்னூலை வாசிக்கும்போது பெற்றோரும் குழந்தையும் கதையைப் பற்றிப் பேசிக்கொள்வது குறைந்து, கருவியைப் பற்றிய இழுபறி கூடியதாக மிச்சிகன் ஆய்வொன்று 2019இல் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவரோடு வாசிப்பதும் கதை சொல்வதும் நல்லது என்றும் கூறுகிறது.

எஞ்சியிருப்பது புத்தகத்தின் உடல். இரண்டு வயதுக் குழந்தை புத்தகத்தைக் கடிக்கும், மிதிக்கும், அதன் மேல் படுக்கும். கெட்டி அட்டைகளையே பக்கங்களாக ஒட்டிச் செய்த, முனைகள் வட்டமாக வெட்டப்பட்ட புத்தகங்களே இந்த வயதுக்கு உரியவை. அந்த வயதின் விரல்களுக்குத் தாளைவிட அட்டையைப் புரட்டுவது எளிது, தானே புரட்டும் குழந்தை கதையின் வேகத்தைத் தானே முடிவுசெய்கிறது. நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்களில், பின் தளர்ந்து வெளியே வருவது வாய்க்கும் விரலுக்கும் ஆபத்து. பொத்தான், மணி போன்றவை ஒட்டப்பட்ட புத்தகங்களையும் தவிர்க்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்தோருக்கான பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளைக்குள் முழுதும் அடங்கிவிடும் எந்தப் பொருளும் மூச்சடைப்பு ஆபத்து உள்ளதாகவே கருதப்படுகிறது.

சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸும், 1996இல் தொடங்கிய துலிகாவும், 2004இல் பெங்களூரில் தோன்றிய பிரதம் புக்ஸும் வந்தபின், இந்தியப் படங்களோடு கூடிய சிறுவர் நூல்களின் தரம் மிகவும் உயர்ந்துள்ளது. பிரதமின் ஸ்டோரிவீவர் இணையத் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான கெட்டி அட்டைப் புத்தகங்கள் தமிழில் இன்னும் குறைவு. தமிழ்ப் பதிப்பாளர்கள் இந்த இடத்தை நிரப்ப முன்வர வேண்டும். விரித்த பக்கத்துக்கு ஒரு காட்சி, தமிழ் வீட்டில் உள்ள பொருள்கள், வாய்விட்டு வாசிக்கத் தாளமுள்ள வாக்கியங்கள், கடைசிப் பக்கத்தில் 'நீதி' என்று தொடங்கும் வரி இல்லாமை: இவ்வளவு போதும். அட்டையால் விலை கூடும் என்ற தயக்கம் பதிப்பாளருக்கும் பெற்றோருக்கும் இருப்பது இயல்பே. ஆனால் ஒரு முறை புரட்டிவிட்டு மூடப்படும் 365 கதைத் தொகுப்பின் விலையோடு அதை ஒப்பிடக் கூடாது. நூறு இரவு வாசிக்கப்படும் புத்தகத்தின் விலையை நூறால் வகுத்துப் பார்க்க வேண்டும்.